12:07: ஒரு பையன் சொல்ல மறுக்கும் நாலாவது கதை

'எ மான்ஸ்டர் கால்ஸ்' படத்தை இதுவரை மூணு தடவை பார்த்திருக்கேன். முதல் தடவை 2017ல், லேப்டாப்பில், ராத்திரி பாதித் தூக்கத்தில். "கிராஃபிக்ஸ் பிரமாதம், கொஞ்சம் அழுகாச்சி" என்று நண்பனுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டு மறந்துபோனேன். இரண்டாவது தடவை, அப்பா இறந்து மூணு மாசம் கழித்து. மூணாவது தடவை போன மாசம், என் பையனோடு. ஒவ்வொரு தடவையும் வேற படம் பார்த்த மாதிரி இருந்தது. ஏன் அப்படின்னு யோசித்து எழுதி வைத்த குறிப்புகளைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்திப் போடுகிறேன்.

கதையை முழுசா, முடிவு உட்பட சொல்லப்போறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது. ஆனால் இந்தப் படத்தில் முடிவு என்ன என்பது முதல் பத்து நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். அம்மா பிழைக்கமாட்டாள். அது ரகசியமே இல்லை. ரகசியம் வேற ஒண்ணு.

படம் வந்த வழி

இந்தக் கதையின் கரு ஷிவான் டவுட் என்ற எழுத்தாளருடையது. சிறுவர்களுக்கும் இளையவர்களுக்கும் நாவல்கள் எழுதியவர். பாத்திரங்கள், அடிப்படை யோசனை, ஒரு தொடக்கம், இவ்வளவும் அவரிடம் இருந்தது. எழுதி முடிக்க ஆயுள் இல்லை. 2007ல் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். அவர் விட்டுப்போன குறிப்பை வைத்து பேட்ரிக் நெஸ் எழுதிய நாவல் 2011ல் வந்தது. அதற்கு ஓவியம் வரைந்தவர் ஜிம் கே. அடுத்த வருஷம் பிரிட்டனில் சிறுவர் நூலுக்கான கார்னகி பதக்கம், ஓவியத்துக்கான கேட் கிரீன்அவே பதக்கம் இரண்டும் இந்த ஒரே புத்தகத்துக்குக் கிடைத்தன.

திரைக்கதையையும் நெஸ்தான் எழுதினார். இயக்கியவர் ஸ்பெயின்காரரான ஜே. ஏ. பயோனா. படம் 2016ல் வந்தது. அதற்கு முன்னால் அவர் எடுத்தவை 'தி ஆர்ஃபனேஜ்' (2007), சுனாமி பற்றிய 'தி இம்பாசிபிள்' (2012). மூணு படத்திலும் நடுவில் நிற்பது ஒரே விஷயம்: ஒரு அம்மா, ஒரு பிள்ளை, நடுவில் வரும் சாவு. ஸ்பெயினின் கோயா விருதுகளில் இந்தப் படம் ஒன்பது விருது வாங்கியது, சிறந்த இயக்குநர் விருது உட்பட.

ஆக, சாகப்போகும் ஒருவர் மனதில் தோன்றி, அவர் போன பிறகு இன்னொருவர் கையால் முடிந்த கதை இது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நாலு கதை, நாலு படி

கானர் ஓமாலிக்கு 12 வயசு. அம்மாவுக்குப் புற்றுநோய். அப்பா பிரிந்து போய் அமெரிக்காவில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். பையன் காலையில் தானே டோஸ்ட் போட்டுக்கொள்கிறான், துணியைத் தானே மெஷினில் போடுகிறான். பள்ளியில் ஹாரி என்ற பையன் அவனைப் போட்டு அடிக்கிறான். ராத்திரியில் ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வருகிறது. ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் மேட்டில் ஒரு தேவாலயம், கல்லறைத் தோட்டம், அதில் பழமையான ஒரு யூ மரம். ஒரு நாள் சரியாக 12:07க்கு அந்த மரம் பூதமாக எழுந்து நடந்து வருகிறது. (குரல் லியம் நீசன். தரையே அதிரும்.) நான் மூணு கதை சொல்வேன், நாலாவது கதையை நீ சொல்லணும், அது உன் உண்மையா இருக்கணும் என்கிறது பூதம்.

முதல் கதையில் ஒரு இளவரசன், அவன் காதலிக்கும் விவசாயி மகள், சூனியக்காரி என்று ஊரே சொல்லும் ராணி. காதலி கொலையாகிறாள். ராணிதான் கொன்றாள் என்று மக்கள் கொதித்து எழுகிறார்கள். பூதம் வந்து காப்பாற்றுவது யாரை? ராணியை. கொன்றவன் இளவரசன். அவன் பின்னாளில் நல்ல ராஜாவாக நெடுங்காலம் ஆண்டான் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறது பூதம். கானருக்கு எரிச்சல். "இதில் நல்லவன் யாரு?" என்ற கேள்விக்கு விடை கிடையாது.

இரண்டாவது கதையில் பழைய வைத்திய முறையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பேராசைக்கார மருந்துக்காரர் ஒருவர், அவரை ஏசிப் பிரசங்கம் செய்து பிழைப்பைக் கெடுக்கும் பாதிரியார் ஒருவர். பாதிரியாரின் இரண்டு பெண்களும் நோயில் விழுந்ததும், எல்லாக் கொள்கையையும் விட்டுவிடுகிறேன், காப்பாற்று என்று அதே மருந்துக்காரரிடம் போய் நிற்கிறார். அவர் மறுக்கிறார். குழந்தைகள் சாகிறார்கள். பூதம் இடித்துத் தள்ளுவது பாதிரியார் வீட்டை. தேவைப்பட்டதும் நம்பிக்கையைத் தூக்கி எறிந்தவர் அவர்தானாம்.

மூணாவது, யார் கண்ணுக்கும் தெரியாத ஒருவனின் கதை. அது வெறும் சில வாக்கியம்தான்.

புரூனோ பெட்டல்ஹைம் 1976ல் தேவதைக் கதைகளைப் பற்றி ஒரு பிரபலமான புத்தகம் எழுதினார். குழந்தைக்கு உள்ளே இருக்கும் பயத்தையும் கோபத்தையும் வெளியே எடுத்து வைத்துப் பார்க்க இந்தக் கதைகள் உதவுகின்றன என்பது அவர் வாதம். அதற்கு அவர் சொல்லும் ஒரு காரணம், கதையில் நல்லவன் முழுக்க நல்லவன், கெட்டவன் முழுக்கக் கெட்டவன், குழப்பமே இல்லை என்பது. இந்தப் பூதம் சொல்லும் கதைகள் அதை அப்படியே தலைகீழாக்குகின்றன. ஏன்னா கானரின் சிக்கல் வெளியே இருக்கும் ஓநாய் இல்லை. ஒரே மனசுக்குள் இரண்டு எதிரெதிர் ஆசை இருக்கமுடியுமா, அப்படி இருந்தால் நான் கெட்டவனா என்பதுதான் அவனை அரிக்கிற கேள்வி.

இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான் இன்னொன்று பிடிபட்டது. கதைகளின் உள்ளடக்கத்தைவிட, அவை கானரை எங்கே நிறுத்துகின்றன என்பதைக் கவனியுங்கள். முதல் கதை நீர்வண்ண ஓவியம் உயிர்பெற்ற மாதிரியான அனிமேஷன். கானர் வெறும் பார்வையாளன். இரண்டாவது கதையும் அதே நீர்வண்ணத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் பாதிரியார் வீட்டை இடிக்கும்போது கானரும் சேர்ந்து இடிக்கிறான். வெறி அடங்கிப் பார்த்தால், அவன் நொறுக்கி வைத்திருப்பது பாட்டி பொத்திப் பொத்தி வைத்திருந்த வரவேற்பறை. மூணாவது கதைக்கு அனிமேஷனே இல்லை. பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் கானர் ஹாரியை அடித்துப்போடுவதுதான் கதை. நாலாவதில் அவனே கதைசொல்லி.

கேட்பவன், கூடச் செய்பவன், செய்பவன், சொல்பவன். நாலு படி. உண்மையைச் சொல்லு என்று ஒரு குழந்தையை நேரடியாகக் கேட்டால் வராது. படி கட்டித்தான் இறக்கணும். படத்தின் எலும்புக்கூடு இதுதான், இது அசைக்கமுடியாத எலும்புக்கூடு.

ஏன் யூ மரம்?

பூதம் ஆலமரமாகவோ ஓக் மரமாகவோ ஏன் இல்லை? தேடிப் படிக்க ஆரம்பித்து இரண்டு ராத்திரி போனது.

யூ மரம் பிரிட்டனில் தேவாலயக் கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் மரம். மிக நீண்ட ஆயுள். இலை, பட்டை, விதை எல்லாமே விஷம். விதையைச் சுற்றியிருக்கும் சிவப்புச் சதை மட்டும்தான் விதிவிலக்கு. இதே இனத்தைச் சேர்ந்த பசிபிக் யூ மரத்தின் பட்டையை 1962ல் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்து தேடும் அரசுத் திட்டத்துக்காகச் சேகரித்தார்கள். அதிலிருந்து கிடைத்ததுதான் டாக்ஸால், அதாவது பாக்லிடாக்ஸல். 1992ல் அமெரிக்காவில் கருப்பைப் பக்கத்திலுள்ள சினைப்பைப் புற்றுநோய்க்கும், அப்புறம் மார்பகப் புற்றுநோய்க்கும் அனுமதி கிடைத்தது. கீமோ வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் பலர் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். ஆரம்பத்தில் ஒரு பெரிய சிக்கல்: பட்டையை உரித்தால் மரம் செத்துப்போகும். பிறகு ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து ஒரு மூலப்பொருளை எடுத்து மருந்தாக மாற்றும் வழியைக் கண்டுபிடித்தார்கள். இலை மறுபடி துளிர்க்கும், மரம் பிழைத்தது.

படத்தில் அம்மாவுக்குக் கடைசியாகக் கொடுத்துப் பார்க்கும் மருந்து யூ மரத்திலிருந்து வருவது. அதைக் கேட்டதும் கானர் கணக்குப் போடுகிறான்: ஓ, பூதம் வந்தது அம்மாவைக் குணமாக்கத்தான்! நாமும் ஒரு நிமிஷம் நம்புகிறோம். மருந்து பலிக்கவில்லை. பூதம் வந்தது அம்மாவுக்காக இல்லை, இவனுக்காக. விஷமும் மருந்தும் ஒரே மரத்தில் இருக்கிற மாதிரி நல்லவனும் கெட்டவனும் ஒரே ஆளுக்குள் இருக்கிற கதைகளை, இந்த மரம் சொல்லாமல் வேறு எது சொல்லும்?

இன்னொன்று, இது முழுக்க என் சொந்தக் கிறுக்கு, படத்தில் கிடையாது. அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது? செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்ணிய இழைகள் உருவாகி, வேலை முடிந்ததும் கலையணும். மருந்து போய் அந்த இழைகளைக் கலையவிடாமல் இறுக்கிப் பிடித்துவிடுகிறது. விடவேண்டிய நேரத்தில் விடமுடியாமல் செல் சாகிறது. இதைப் படித்துவிட்டு நாலாவது கதையைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

நாலாவது கதை

கெட்ட கனவு இதுதான். தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் பூமிக்குள் சரிகின்றன. பள்ளத்தின் விளிம்பில் அம்மா தொங்குகிறாள். கானர் கையைப் பிடித்திருக்கிறான். கை நழுவுகிறது. இதுவரை நாம் நினைத்துக்கொண்டிருந்தது, அவனால் பிடிக்க முடியவில்லை என்று. பூதம் விடாமல் நெருக்குகிறது. கடைசியில் அவன் சொல்கிறான்: இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருக்க முடிந்திருக்கும். நான்தான் விட்டேன். இது முடிஞ்சா போதும்னு இருந்தது.

ரகசியம் இதுதான். அம்மா சாகப்போகிறாள் என்ற பயம் இல்லை. அவள் போவாள் என்று அவனுக்கு முதலிலிருந்தே தெரியும். போனால் இந்த வேதனை முடியும் என்று தனக்குள் ஒரு மூலை ஆசைப்பட்டதே, அதுதான் அவனைத் தின்றது.

எரிக் லிண்டமன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1944ல் துக்கத்தைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். பாஸ்டன் நகரத்து இரவு விடுதி ஒன்றில் 1942ல் நடந்த பெரும் தீவிபத்தில் உறவுகளை இழந்தவர்களைக் கவனித்து எழுதியது. அதில் கடைசிப் பக்கங்களில், சாவு நடக்கும் முன்பே துக்கம் தொடங்கிவிடுவதைப் பற்றிச் சொல்கிறார். போருக்குப் போன கணவன் செத்துவிடுவான் என்று மனைவி மனசுக்குள் முன்கூட்டியே அழுது முடித்துவிடுகிறாள். அவன் உயிரோடு திரும்பி வந்தால், அவளிடம் அவனுக்கு இடமே இல்லை. மனசு உடம்பைவிட முன்னால் போய்விடுகிறது. அது அன்பில்லாததால் நடப்பது இல்லை, வலி தாங்காததால் நடப்பது.

இது தெரிந்த பிறகு படத்தின் முதல் பாதியைத் திரும்பப் பாருங்கள். வகுப்பில் கானர் ஏன் ஹாரியையே வெறித்துப் பார்க்கிறான்? அடி வேண்டும் என்பதற்காக. தான் செய்ததாக நினைக்கும் குற்றத்துக்கு ஒரு தண்டனை வேணும். அதை ஹாரிதான் கொடுத்துக்கொண்டிருந்தான். அதைப் புரிந்துகொண்டு, இனிமே நீ என் கண்ணுக்கே தெரியமாட்டே என்று ஹாரி சொல்லும்போது, அது அடியைவிடக் கொடூரமாக இருக்கிறது. பாட்டி வீட்டை நொறுக்கினான், தண்டனை இல்லை. ஹாரியை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தான், பள்ளியில் தண்டனை இல்லை. தண்டித்து என்ன ஆகப்போகுது என்கிறார்கள் பெரியவர்கள், இரக்கத்தோடு. அந்த இரக்கம் அவனுக்கு ஒரு கதவையும் திறக்கவில்லை. தப்பு செய்த பையன்களை அன்பாலேயே திருத்திவிடலாம் என்ற வழக்கமான பாடத்தைப் படம் இங்கே தாண்டிப்போகிறது.

பெரியவர்கள்

அம்மா (ஃபெலிசிட்டி ஜோன்ஸ்) நல்லவள், பொய்க்காரி. இந்த மருந்து கேட்கும், அடுத்தது கேட்கும் என்று கடைசி வரை சொல்கிறாள். அப்பா வருகிறார், பூங்காவுக்குக் கூட்டிப்போகிறார், திரும்பிப்போகிறார். எழுத்திலேயே மெலிசான பாத்திரம். ஹாரியும் அப்படித்தான், அவனுக்கு வீடு வாசல் எதுவும் கிடையாது.

பாட்டியாக வரும் சிகர்னி வீவர்தான் எனக்கு இந்தப் படத்தின் ஆள். விறைப்பு, தொடாதே தொடாதே என்று ஒரு வீடு. நொறுங்கிய வரவேற்பறையைப் பார்க்கும் காட்சியில் அவர் பேசவே இல்லை. உள்ளே இருந்து ஒரு சத்தம் வருகிறது. பிறகு, கானர் விட்டுவைத்த ஒரே ஒரு அலமாரியை அவரே இழுத்துத் தள்ளுகிறார். சாகப்போவது அவன் அம்மா மட்டுமில்லை, இவள் மகளும்தான் என்பது அந்த நொடியில்தான் நமக்கு உறைக்கிறது. பாசமே இல்லாத இரண்டு பேர் ஒரே ஆளை இழக்கப்போகிறார்கள். மிச்ச வாழ்க்கையைச் சேர்ந்து ஓட்டணும். வசனமே இல்லாமல் இதைச் சொன்ன காட்சிக்குப் பக்கத்தில், மற்ற இடங்களில் வயலினை அள்ளிக் கொட்டும் பின்னணி இசை எனக்குக் கொஞ்சம் உறுத்தல்.

எனக்குள்ள சண்டை: அந்த ஓவிய நோட்டு

நாவல் ஆஸ்பத்திரி அறையில் முடிகிறது. அம்மாவை இறுகப் பிடித்துக்கொண்டு, பிடித்தபடியே அவளை விடுகிறான். அவ்வளவுதான். படத்தில் அதற்கு மேல் ஒரு காட்சி உண்டு. எல்லாம் முடிந்த பிறகு, பாட்டி வீட்டில் அம்மா சின்ன வயசில் இருந்த அறையைக் கானருக்குத் தருகிறார் பாட்டி. அங்கே அம்மாவின் பழைய ஓவிய நோட்டு. புரட்டினால் ராணி, மருந்துக்காரர், எல்லாரும் இருக்கிறார்கள். கடைசியில் மரப்பூதம், அதன் தோளில் ஒரு சின்னப் பெண்.

முதல் தடவை புல்லரித்தது. இரண்டாவது தடவை கோபம் வந்தது. பத்து வருஷம் முன்னால் வந்த 'பேன்ஸ் லாபிரிந்த்' இதற்குப் பக்கத்து வீட்டுப் படம். இரண்டுக்கும் கலை வடிவமைப்பு யூஹெனியோ கபயேரோ. அதில் அந்தப் பெண் பார்த்தது நிஜமா, கற்பனையா என்பதைக் கடைசி வரை முடிச்சவிழ்க்காமல் விட்டுவிடுகிறார்கள். இங்கே பூதத்துக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் எதுக்கு? எல்லாப் பிழைக்கும் மூலகாரணம் எழுதி டிக்கெட்டை மூடணும் என்பது எங்கள் தொழில் புத்தி. கலைக்கு அது தேவையில்லை. அதைவிட முக்கியமாக, தன் இருண்ட உண்மைக்குள் தனியாக இறங்கிப்போன பையனின் தைரியத்தில் பாதியை அம்மா ஏற்பாடு செய்தது மாதிரி ஆகிவிடுகிறது. அதுவரை இனிப்புத் தடவாத படம், கடைசி மூணு நிமிஷத்தில் தடவிவிட்டது.

இப்பவும் அந்தக் காட்சி தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கோபம் குறைந்திருக்கிறது. ஷிவான் டவுட்டை நினைத்துக்கொண்டு பார்த்தேன். முடிக்க முடியாது என்று தெரிந்தவர் விட்டுப்போன குறிப்பை இன்னொருவர் பிரித்துப் பார்க்கும் காட்சிதானே அது? நெஸ் தன் திரைக்கதையில் வைத்த நன்றி என்று எடுத்துக்கொண்டால் மன்னிக்கலாம். சினிமாவாக அது பலவீனம், கடனைத் திருப்பிக் கொடுப்பதாக அது நேர்மை.

மூணாவது தடவை

அப்பாவின் கடைசி ஆறு மாசம் வீட்டில்தான். ஆக்சிஜன் மெஷின் ராத்திரி முழுக்க ஹாலில் ஓடிக்கொண்டிருக்கும். என் பையனுக்கு அப்போ ஒன்பது வயசு. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "தாத்தாவுக்கு எப்பப்பா முடியும்?" என்று கேட்டான். "வாயைக் கழுவுடா" என்று கத்தினேன். தட்டை வைத்துவிட்டு எழுந்து போனான். அதற்கப்புறம் தாத்தாவைப் பற்றி அவன் எதுவுமே கேட்கவில்லை. எத்தனை மாசம் தாங்கும் என்று அதே வாரம் ஆபீஸ் பாத்ரூமில் நின்று போனில் தேடிக்கொண்டிருந்தவன் நான். அவன் கேட்டது என் கேள்வியைத்தான். அதனால்தான் அவ்வளவு கோபம்.

அப்பா போன அன்று காலையில் முதலில் எனக்குத் தோன்றியது, மெஷின் சத்தம் நின்றுவிட்டது என்பது. அப்பாடா என்று இருந்தது. அழுகை அப்புறம்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை.

இந்தப் படம் அதை மன்னிக்கிறதா? மன்னிப்பு என்ற பேச்சையே எடுக்கவில்லை. பூதம் சொல்வது ரொம்பச் சாதாரணமான விஷயம்: நீ என்ன நினைத்தாய் என்பது முக்கியமில்லை, என்ன செய்தாய் என்பதுதான் முக்கியம். கானர் அவள் போகட்டும் என்றும் நினைத்தான், போகக்கூடாது என்றும் நினைத்தான். செய்தது, ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் பக்கத்தில் படுத்து இறுகப் பிடித்துக்கொண்டது. மணி 12:07. நானும் மெஷினுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டுதான் இருந்தேன், அந்த ஆறு மாசமும்.

போன மாசம் பையனோடு பார்த்தபோது நாலாவது கதை முடிந்ததும் நிறுத்தினேன். "அன்னைக்கு நீ தாத்தா பத்தி கேட்டே ஞாபகம் இருக்கா?" என்றேன். இருக்கு என்று தலையாட்டினான். "நானும் அதையேதான்டா நினைச்சிட்டிருந்தேன்" என்றேன். கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "எனக்கு அந்தச் சத்தத்துல தூக்கமே வராதுப்பா. அதான் கேட்டேன்" என்றான். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "சரி, போடுங்க" என்றான்.

பத்துப் பன்னிரண்டு வயசுக் குழந்தைகளுக்குக் காட்டலாமா என்று கேட்பீர்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் யோசித்துக் காட்டுங்கள். ஆனால் காட்டினால் கூட உட்கார்ந்து பாருங்கள். தனியாக விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள்.